ஞானஸ்நானம் பெறப் போகிறீர்களா? சபையில் சேர்வதற்கு ஒரு வழிகாட்டி

நான் ஞானஸ்நானம் பெற்றபோது எனக்கு 24 வயது. வீட்டுக் கூட்டமாக நடந்துவந்த ஒரு சிறிய சபையில் பெற்றேன். தண்ணீரில் இறங்கி, மூழ்கி, எழுந்து வர ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. கண்ணீரோடு வீடு திரும்பினேன். கையில் ஒரு காகிதமும் இல்லை. வேண்டும் என்று தோன்றவும் இல்லை. ஏழு ஆண்டுகள் கழித்து, திருமணத்துக்காக வேறொரு சபையில் பெயர் கொடுக்கப் போனேன். “ஞானஸ்நானச் சான்றிதழைக் கொண்டுவாருங்கள்” என்றார்கள். எனக்கு ஞானஸ்நானம் கொடுத்த போதகர் எங்கோ மாறிப் போயிருந்தார். கூட்டம் கலைந்திருந்தது. பதிவேடு என்று ஒன்று இருந்ததா என்று சொல்லக்கூட ஆளில்லை. ஐந்து மாதம் அலைந்தேன்.

அந்த அலைச்சலில்தான் என் தவறு எனக்கு உறைத்தது. தண்ணீரில் இறங்கியதை எனக்கும் ஆண்டவருக்கும் நடுவே உள்ள காரியமாக மட்டுமே நினைத்திருந்தேன். கிறிஸ்துவோடு அடக்கம்பண்ணப்பட்டு அவரோடு புதிய வாழ்வுக்கு எழுவதைப் பற்றி ரோமர் 6ஆம் அதிகாரம் சொல்வது எனக்கு மனப்பாடம். எல்லாரும் ஒரே உடலுக்குள் ஞானஸ்நானம் பெறுகிறோம் என்று 1 கொரிந்தியர் 12ஆம் அதிகாரம் சொல்வதை ஒரு நாளும் நின்று வாசித்ததில்லை. வகுப்பு, சாட்சிகள், பதிவேடு, அங்கத்தினர் பட்டியல் ஆகியவற்றையெல்லாம் வெறும் அலுவலக வேலை என்று ஒதுக்கியிருந்தேன். ஒரு சபை ஒருவரைத் தன்னுடையவர் என்று ஏற்பதன் கண்ணுக்குத் தெரியும் அடையாளங்கள் அவை. நீங்கள் அலையாமல் இருப்பதற்காக, எனக்குத் தெரிந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

தொடங்கும் முன் சொற்களைப் பற்றி ஒரு வார்த்தை. கத்தோலிக்கர் திருமுழுக்கு என்பதையே மற்ற சபையார் பெரும்பாலும் ஞானஸ்நானம் என்கிறார்கள். ஞானஸ்நானம் பெற்றவரை விசுவாசத்தில் உறுதிப்படுத்தும் சடங்கைக் கத்தோலிக்கர் உறுதிபூசுதல் என்பார்கள்; மற்ற சில சபைகளில் அது திடப்படுத்தல். ‘ஆயர்’ என்ற சொல்லில் கவனமாக இருங்கள். கத்தோலிக்கரிடம் அது ஒரு மறைமாவட்டத்தின் தலைவரைக் குறிக்கும். வேறு சபைகளில் உள்ளூர் போதகரையே ஆயர் என்பார்கள். “ஆயரிடம் கையெழுத்து வாங்கி வாருங்கள்” என்று சொல்லப்பட்டால், எந்த ஆயர் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

1. முதலில் சபை, பிறகு தேதி

பிறந்த நாளிலோ, உறவினர் ஊருக்கு வரும் விடுமுறையிலோ நாளைக் குறித்துவிட்டு, அன்று யார் ஞானஸ்நானம் கொடுப்பார்கள் என்று தேடுபவர்கள் நிறையப் பேர். அப்படித் தேடினால் விரைவாகக் கொடுக்கும் இடம்தான் கிடைக்கும். அங்கே நீங்கள் நிலைத்திருப்பீர்களா என்பது வேறு கேள்வி.

குறைந்தது மூன்று மாதம் ஒரே சபையின் ஆராதனைக்குத் தொடர்ந்து போங்கள். பிறகு போதகரையோ பங்குத்தந்தையையோ தனியே சந்தித்து நான்கு கேள்விகள் கேளுங்கள். ஞானஸ்நானம் எந்த முறையில் தரப்படுகிறது? ஆயத்த வகுப்பு எத்தனை நாள்? ஞானஸ்நானம் பெற்றதும் நான் அங்கத்தினர் ஆகிவிடுவேனா, அல்லது அதற்குத் தனி நடைமுறை உண்டா? பதிவேடு யார் பொறுப்பில் இருக்கிறது? கடைசிக் கேள்வியை நான் கேட்டிருந்தால் என் ஐந்து மாதம் மிஞ்சியிருக்கும். “பதிவேடெல்லாம் எதற்கு, பரலோகத்தில் எழுதப்பட்டிருக்கிறதே” என்று பதில் வந்தால், அந்தச் சபையின் விசுவாசத்தைக் குறைவாக எண்ண வேண்டாம். ஆனால் உங்களுக்கான பதிவை நீங்களே எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். எப்படி என்பதை 8ஆம் படியில் சொல்கிறேன்.

2. ஏற்கெனவே பெற்றிருக்கிறீர்களா என்று உறுதி செய்யுங்கள்

குழந்தையாக இருந்தபோது உங்களுக்கு ஞானஸ்நானம் கொடுக்கப்பட்டதா என்று பெற்றோரிடமும் மூத்த உறவினரிடமும் கேளுங்கள். இந்தக் கேள்வியைத் தவிர்த்துவிட்டு நேராகப் புதிய சபையில் பெயர் கொடுப்பது பெரிய சிக்கலுக்கு வழி.

கத்தோலிக்கம், ஆர்த்தடாக்ஸ், ஆங்கிலிக்கன், லூத்தரன், மெத்தடிஸ்ட் போன்ற சபைகள் குழந்தைகளுக்கும் ஞானஸ்நானம் கொடுக்கின்றன. அதை வாழ்நாளில் ஒரே முறைதான் பெற முடியும் என்கின்றன. 1982இல் உலகத் திருச்சபைகள் மன்றத்தின் ஆணையம் ஒன்று லீமா நகரில் ஏற்ற ஆவணமும் ஞானஸ்நானம் திரும்பச் செய்ய முடியாத செயல் என்றே சொல்கிறது. மறுபுறம் பாப்டிஸ்ட், பெந்தெகொஸ்தே சபைகள், தானே விசுவாசத்தை அறிக்கையிடும் வயது வந்தவருக்கே மூழ்கு ஞானஸ்நானம் கொடுக்கின்றன. இவற்றில் பல, குழந்தையாகப் பெற்றதை ஞானஸ்நானமாக எண்ணுவதில்லை. இரண்டு பக்கத்திலும் ஆண்டவரை நேசிக்கும் மக்கள் இருக்கிறார்கள். நீங்கள் செய்யக் கூடாதது, முன்பு பெற்றதை மறைப்பது மட்டுமே. போதகரிடம் வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள்.

பெற்ற ஞானஸ்நானம் செல்லுமா என்று பார்க்கும்போது, பெரும்பாலான சபைகள் இரண்டைக் கேட்கும்: தண்ணீர் பயன்பட்டதா? மத்தேயு 28:19இல் உள்ளபடி பிதா, குமாரன், பரிசுத்த ஆவியின் நாமம் சொல்லப்பட்டதா? இயேசுவின் நாமத்தில் மட்டும் கொடுக்கும் குழுக்கள் உண்டு. அங்கே பெற்றதைப் பல சபைகள் ஏற்பதில்லை. வார்த்தைகளில் கத்தோலிக்கத் திருச்சபை மிகவும் கண்டிப்பானது. “நான் உனக்குத் திருமுழுக்கு அளிக்கிறேன்” என்பதற்குப் பதில் “நாங்கள்” என்று சொல்லிக் கொடுத்தது செல்லாது என்று 2020 ஆகஸ்டில் வத்திக்கான் அறிவித்தது. இரட்சணிய சேனையிலோ குவேக்கர் குழுவிலோ வளர்ந்தவர்களுக்கு இன்னொரு செய்தி: அங்கே தண்ணீர் ஞானஸ்நானம் நடைமுறையில் இல்லை. ஆகவே வேறு சபைக்கு வரும்போது அது உங்களுக்கு முதல் ஞானஸ்நானமாகவே இருக்கும்.

பெற்றோமா இல்லையா என்பது எவ்வளவு விசாரித்தும் தெரியவில்லையா? அதற்காகவே சில சபைகளில் நிபந்தனை ஞானஸ்நானம் இருக்கிறது. ‘நீ ஏற்கெனவே பெறாதிருந்தால்’ என்ற பொருளில் வாசகம் சேர்த்துக் கொடுப்பார்கள்.

3. எவ்வளவு காலம் ஆகும்?

அப்போஸ்தலர் 8ஆம் அதிகாரத்தில் எத்தியோப்பிய மந்திரி வழியில் தண்ணீரைக் கண்டதும் தேரை நிறுத்தி ஞானஸ்நானம் பெற்றார். சில சபைகளில் இன்றும் சில வாரங்களில் முடிந்துவிடும். வேறு பல சபைகளில் சில மாத வகுப்பு இருக்கும்.

கத்தோலிக்கத் திருச்சபையில் வயது வந்தவர்களுக்கான ஆயத்தம் படிப்படியானது. ஓர் ஆண்டோ அதற்கு மேலோ ஆகலாம். ஈஸ்டருக்கு முந்தைய நோன்புக் காலமான தவக்காலத்தின் முதல் ஞாயிறன்று தகுதியானவர்களின் பெயர்களைப் பதிவு செய்யும் சடங்கு நடக்கும். மூன்று, நான்கு, ஐந்தாம் ஞாயிறுகளில் அவர்களுக்காகச் சிறப்பு வழிபாடுகள் உண்டு. உயிர்ப்புப் பெருவிழாவின் (ஈஸ்டர்) முந்தின இரவு வழிபாட்டில் திருமுழுக்கு, உறுதிபூசுதல், நற்கருணை (திருவிருந்து) மூன்றும் ஒரே நாளில் கிடைக்கும். தவக்காலம் தொடங்கிய பிறகு போய், “இந்த ஈஸ்டருக்கு முடியுமா” என்று கேட்பவர்கள் பெரும்பாலும் அடுத்த ஆண்டுக்குத்தான் காத்திருக்க வேண்டியிருக்கும். முந்தைய ஆண்டின் நடுவிலேயே போய்ப் பேசுங்கள்.

நீண்ட ஆயத்தம் உங்களைச் சந்தேகிப்பதன் அறிகுறி என்று நினைக்காதீர்கள். அந்த மாதங்களில்தான் சபையார் உங்கள் பெயரைக் கற்றுக்கொள்கிறார்கள். எனக்கு வகுப்பே இல்லை. இரண்டாவது ஞாயிறே தண்ணீருக்குள் நின்றேன். அன்று என்னைச் சுற்றி நின்றவர்களில் பாதிப்பேருக்கு என் பெயர் தெரியாது.

4. ஆவணங்கள்

பொதுவாகக் கேட்கப்படுபவை: பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, முகவரிச் சான்று, திருமணமானவர் என்றால் திருமணச் சான்று. முந்தைய திருமணம் ஏதாவது இருந்திருந்தால் கத்தோலிக்க நடைமுறையில் அதைத் தனியே ஆராய்வார்கள்; அதற்கு மாதங்கள் ஆகலாம். ஆகவே முதல் சந்திப்பிலேயே சொல்லிவிடுங்கள். குழந்தைக்கு என்றால் பெற்றோரில் ஒருவரின் சம்மதமாவது வேண்டும். இருவரின் கையெழுத்தையும் கேட்கும் சபைகளும் உண்டு.

எல்லாவற்றையும்விட அதிகத் தொல்லை தருவது பெயர்தான். ஞானஸ்நானத்தின்போது புதுப் பெயர் வைத்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஆசைப்பட்டு வைப்பவர்கள், பதிவேட்டில் அதை மட்டும் எழுத விட்டுவிடுகிறார்கள். பத்து ஆண்டு கழித்துச் சான்றிதழில் ‘எஸ்தர்’, கடவுச்சீட்டில் வேறு பெயர். இருவரும் ஒரே ஆள் என்று நிரூபிக்க உறுதிமொழிப் பத்திரம் எழுதி ஓட வேண்டியிருக்கும். அரசு ஆவணத்தில் உள்ள பெயர் முதலில், அதற்குப் பின் புதுப் பெயர் என்று இரண்டையும் எழுதச் சொல்லுங்கள். அப்பா பெயர், அம்மா பெயர், பிறந்த தேதி ஆகியவற்றையும் பிறப்புச் சான்றிதழில் உள்ள அதே எழுத்துகளில் ஒரு தாளில் தெளிவாக எழுதிக் கொடுங்கள். வாயால் சொல்லி எழுதவைப்பதுதான் பிழைகளின் ஊற்று.

இன்னொன்று. மதம் மாறுவதற்குச் சட்டம் சில நாடுகளில் முன்னறிவிப்பு கேட்கிறது; சில இடங்களில் குடும்பச் சொத்திலும் அரசுச் சலுகையிலும் அதன் பாதிப்பு உண்டு. ஞானஸ்நானம் பெற்ற பிறகு இதைக் கண்டுபிடிப்பதைவிட, முன்பே சட்டம் தெரிந்த ஒருவரிடம் கேட்டுவிடுவது நல்லது.

5. ஞானப்பெற்றோரும் சாட்சிகளும்

ஞானஸ்நானம் பெறுபவருக்கு விசுவாசத்தில் துணை நிற்பவரே ஞானப்பெற்றோர். கத்தோலிக்க விதிப்படி ஞானப்பெற்றோராக ஒருவர் போதும். இருவர் என்றால் ஓர் ஆணும் ஒரு பெண்ணும். 16 வயது நிறைந்திருக்க வேண்டும். உறுதிபூசுதலும் நற்கருணையும் பெற்ற கத்தோலிக்கராக இருக்க வேண்டும். பெற்ற தாயோ தந்தையோ ஆக முடியாது. வேறு சபையைச் சேர்ந்த நண்பரை நிறுத்த ஆசையென்றால், ஒரு கத்தோலிக்க ஞானப்பெற்றோருடன் சேர்த்து அவரைச் சாட்சியாக நிறுத்தலாம். ஞானப்பெற்றோரின் தகுதிக்கு அவரது பங்கிலிருந்து, அதாவது அவருடைய ஊர்க் கோவிலிலிருந்து, கடிதம் கேட்பார்கள். அது வர இரண்டு மூன்று வாரம் ஆகும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஞானப்பெற்றோரே இல்லாத சபைகளிலும் இருவரைச் சாட்சியாகக் கையெழுத்திடக் கேளுங்கள். யாரைக் கேட்பது? வசதியான உறவினர், வெளிநாட்டில் இருக்கும் நண்பர் என்று போகாதீர்கள். ஞாயிறன்று நீங்கள் வராவிட்டால் மாலைக்குள் தொலைபேசியில் கூப்பிட்டு விசாரிக்கக்கூடியவர் யார்? அவரையே கேளுங்கள்.

6. செலவு

ஞானஸ்நானம் விலைக்குக் கொடுக்கப்படுவதில்லை. ஆராதனைக் காணிக்கை உங்கள் விருப்பம். நிர்ணயித்த காணிக்கைக்கு மேல் கேட்கக் கூடாது, பணமில்லை என்பதற்காக ஏழைகளுக்கு மறுக்கவும் கூடாது என்று கத்தோலிக்கச் சட்டம் தெளிவாகச் சொல்கிறது. சான்றிதழ் நகலுக்குச் சிறு கட்டணம் இருக்கலாம். பெரிய தொகை கேட்டு, அதைக் கொடுத்தால்தான் நாள் குறிப்போம் என்றால், அங்கிருந்து எழுந்து வந்துவிடுங்கள்.

உண்மையான செலவு நாம் நடத்தும் விருந்திலும் உடையிலும்தான். அதற்காகக் கடன் வாங்கியவர்களையும், பணம் சேரட்டும் என்று குழந்தையின் ஞானஸ்நானத்தை இரண்டு ஆண்டு தள்ளிப்போட்டவர்களையும் எனக்குத் தெரியும். விருந்து இல்லாமலேயே முடிக்கலாம். எந்தக் குறையும் இல்லை.

7. அந்த நாள்

தெளிப்போ ஊற்றுதலோ என்றால் தலையைக் குனிந்து நின்றால் போதும். ஆர்த்தடாக்ஸ் முறையில் மூன்று முறை மூழ்க வைத்து, உடனே பரிசுத்த எண்ணெய் பூசுவார்கள்.

மூழ்கு ஞானஸ்நானம் என்றால் சில விவரங்கள் தெரிந்திருக்கட்டும். வெள்ளை உடை நனைந்தால் உடலோடு ஒட்டி உள்ளே இருப்பது தெரியும். கனத்த துணியிலோ, உள்ளே அடர்நிற உடையோடோ உடுத்துங்கள். ஒரு கையால் மூக்கைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் அந்தக் கையின் மணிக்கட்டைப் பற்றுங்கள். போதகர் பின்னால் சாய்க்கும்போது முழங்காலை மடக்குங்கள்; விறைத்து நின்றால் இருவரும் தடுமாறுவீர்கள். காதில் அறுவைச் சிகிச்சை செய்தவர்களும், வலிப்பு நோய் உள்ளவர்களும், கர்ப்பிணிகளும் முன்பே சொல்லுங்கள். தண்ணீருக்குப் பயம் என்றாலும் சொல்லுங்கள். அதில் வெட்கம் ஒன்றுமில்லை. இடுப்பளவுத் தண்ணீரில் நிறுத்தி, நிதானமாகச் செய்வார்கள்.

சாட்சி சொல்லக் கேட்டால், மூன்று நிமிடத்துக்கு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். விசுவாச அறிக்கையின் கேள்விகளை முந்தின நாளே வாங்கி வாசித்துவிடுங்கள். “விசுவாசிக்கிறேன்” என்று சொல்லும்போது எதற்குச் சொல்கிறீர்கள் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

8. பதிவேட்டைப் பார்க்காமல் வீட்டுக்குப் போகாதீர்கள்

ஈரம் துடைத்து உடை மாற்றியதும் அலுவலகத்துக்குப் போய், “என் பதிவைப் பார்க்கலாமா?” என்று கேளுங்கள். பெயர், பிறந்த தேதியும் இடமும், பெற்றோர், ஞானப்பெற்றோர் அல்லது சாட்சிகள், ஞானஸ்நானம் கொடுத்தவர், இடம், தேதி ஆகியவை இருக்க வேண்டும். ஒவ்வொரு வரியையும் விரல் வைத்துப் படியுங்கள். அன்றைக்கே பிழையைத் திருத்த ஐந்து நிமிடம் போதும். பிறகு என்றால் விண்ணப்பம், சான்று, காத்திருப்பு. பதிவு எண்ணையும் பக்க எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள். சான்றிதழில் முத்திரையும் கையெழுத்தும் இருக்கின்றனவா என்று பாருங்கள்.

பதிவேடு இல்லாத சபையானால் இதே விவரங்களை ஒரு தாளில் எழுதி, எந்த முறையில், எந்த வார்த்தைகளோடு கொடுக்கப்பட்டது என்பதையும் சேர்த்து, போதகரிடமும் இரு சாட்சிகளிடமும் கையெழுத்து வாங்குங்கள். மூன்று பிரதிகள் எடுங்கள். ஒன்று உங்களுக்கு, ஒன்று போதகருக்கு, ஒன்று ஒரு சாட்சியிடம்.

கத்தோலிக்கர்களுக்கு ஒரு கூடுதல் செய்தி. பின்னால் பெறும் உறுதிபூசுதலும் திருமணமும் உங்கள் திருமுழுக்குப் பதிவின் ஓரத்திலேயே குறிக்கப்படும். அதனால்தான் திருமணத்தின்போது பழைய சான்றிதழை வைத்துக்கொண்டு போனால் ஏற்காமல், அண்மையில், வழக்கமாக 6 மாதத்துக்குள், எடுத்த புதிய நகலைக் கேட்கிறார்கள்.

9. சான்றிதழ் இல்லையென்றால்

முதலில் ஞானஸ்நானம் பெற்ற சபைக்கு எழுதுங்கள். அது மூடப்பட்டிருந்தால் அதன் மேல்நிலை அலுவலகத்துக்கோ மறைமாவட்டத்துக்கோ எழுதுங்கள்; பழைய பதிவேடுகள் பெரும்பாலும் அங்கே போய்ச் சேர்ந்திருக்கும். ஆண்டும் மாதமும் தோராயமாகவாவது சொன்னால்தான் தேட முடியும். அப்படியும் கிடைக்கவில்லையென்றால் சாட்சிகள். கத்தோலிக்கச் சட்டத்தில், வேறு யாருக்கும் பாதிப்பு இல்லாதபோது, நம்பகமான ஒரே ஒரு சாட்சியின் வாக்கு போதும். வயது வந்தபின் பெற்றவர் தானே சத்தியம் செய்தும் உறுதிப்படுத்தலாம். மற்ற சபைகளிலும் இதற்கு ஒத்த வழிகள் உண்டு. சான்றிதழ் இல்லை என்பதற்காக அவசரப்பட்டு இன்னொரு முறை பெற்றுவிடாதீர்கள்.

எனக்குச் சாட்சியாக வந்தவர், அன்று கரையில் துண்டை விரித்துப் பிடித்துக்கொண்டு நின்ற ஓர் அம்மா. ஆறேழு பேரின் வழியாக விசாரித்து அவரைக் கண்டுபிடித்தேன். என் முகம் அவருக்கு உடனே நினைவுக்கு வந்தது. எழுந்து வந்தபோது எனக்குக் குளிரில் பல் கிட்டியதையும், என் இடது செருப்பு தண்ணீரோடு போனதையும் சொன்னார். “ஏழு வருஷமாக உன்னை ஜெபத்தில் நினைத்துக்கொண்டுதான் இருக்கிறேன், எங்கே போனாய்?” என்று கேட்டார். நடுங்கும் கையால் எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்தார். புதிய சபை அதை ஏற்றுக்கொண்டது. எனக்கு ஒரு சபை இருந்திருக்கிறது. அதை விட்டுப் போனது நான்தான்.

10. அங்கத்தினர் ஆவதும் முதல் ஆண்டும்

சில சபைகளில் ஞானஸ்நானமே அங்கத்துவம். வேறு சிலவற்றில் திடப்படுத்தல் பெற்ற பிறகே திருவிருந்தில் பங்குபெற முடியும். வாக்களிக்கும் உரிமைக்குத் தனிப் பட்டியலில் பெயர் சேர்க்க வேண்டும். பல பாப்டிஸ்ட் சபைகளில் சபையார் கூடி ஒப்புதல் அளிப்பார்கள். ஞானஸ்நானம் முடிந்த ஒரு மாதத்துக்குள் உங்கள் பெயர் பட்டியலில் ஏறிவிட்டதா என்று கேட்டு உறுதி செய்யுங்கள். கல்லறை உரிமை, பிள்ளைகளின் ஞானஸ்நானம், சபைத் தேர்தல் ஆகிய எல்லாவற்றுக்கும் பிறகு இந்தப் பட்டியலைத்தான் புரட்டுவார்கள்.

பெந்தெகொஸ்தே நாளில் ஏறக்குறைய 3000 பேர் சேர்ந்தார்கள் என்று அப்போஸ்தலர் 2:41 சொல்கிறது. அடுத்த வசனமே அவர்கள் உபதேசத்திலும் ஐக்கியத்திலும் அப்பம் பிட்குதலிலும் ஜெபத்திலும் உறுதியாய்த் தரித்திருந்ததைச் சொல்கிறது. ஞானஸ்நானத்துக்குப் பிந்தைய ஆண்டில் பலர் காணாமல் போவது இந்த இரண்டாவது வசனத்தில்தான். வகுப்பு முடிந்துவிட்டது, வாழ்த்துகள் ஓய்ந்துவிட்டன, வழக்கமான வாழ்க்கை திரும்பிவிட்டது. அதனால் முதல் மாதத்திலேயே மூன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள்: ஒரு சிறு ஜெபக் குழு, வாரத்துக்கு ஒரு பொறுப்பு (நாற்காலி அடுக்குவதானாலும் சரி), நோயாளியாகவோ தனியாகவோ இருக்கும் ஒருவரைப் பார்க்கப் போவது. சபையார் சிலர் உங்களைப் புண்படுத்துவார்கள். அது நடக்கும்போது சபையை மாற்றும் முன் ஞானப்பெற்றோரிடமோ சாட்சியிடமோ போய்ப் பேசுங்கள்.

11. இடம் மாறும்போது

புதிய ஊருக்குப் போகுமுன் பழைய சபையில் மாற்றுக் கடிதம் கேளுங்கள். இரண்டு வாரம் முன்பே கேட்டால் நல்லது, ஏனென்றால் சில சபைகளில் குழு கூடித்தான் கொடுப்பார்கள். கடிதத்தில் ஞானஸ்நானத் தேதி, பதிவு எண், திடப்படுத்தல் அல்லது உறுதிபூசுதல் பெற்ற நாள், நற்சான்று ஆகியவை இருக்கட்டும். புதிய இடத்தில் முதல் மாதத்துக்குள் ஒப்படைத்துவிடுங்கள். பெட்டியில் கிடந்தால் இரண்டு சபையிலும் இல்லாதவராகிவிடுவீர்கள். கிளம்பும் முன் கடைசி ஞாயிறன்று ஆராதனைக்குப் போய், உங்களுக்குச் சாட்சி நின்றவர்களிடம் புதிய முகவரியையும் தொலைபேசி எண்ணையும் எழுதிக் கொடுத்துவிட்டு வாருங்கள்.